மத்தியதரைக் கடல் சாப்பாடு என்று ஆறாயிரம் ரூபாய்: தட்டில் வந்தது என்ன?

வைகைக்கரை, மே 26, இரவு 10.40

அம்மா பரமக்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தியவர். மத்தியதரைக் கடல் தட்பவெப்பம் என்று ஒரு பாடம் உண்டு. கோடை வறளும், மழை குளிர்காலத்தில் பெய்யும், ஆலிவும் திராட்சையும் விளையும். அந்தக் கடலைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் ஓர் ஆலிவ் காயை அவர் வாயில் போட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, புதிய பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டு நானும் அப்பாவும் அம்மாவும் திரும்பிக்கொண்டிருந்தோம். கடல் பக்கம் இறங்கும் ஒரு விடுதியின் வாசலில் மத்தியதரைக் கடல் உணவகம் என்று பலகை இருந்தது. "ஒரு தடவை சாப்பிட்டுப் பார்ப்போமா?" என்று அம்மாவே கேட்டார். அவர் தனக்கென்று ஒன்றைக் கேட்பது அபூர்வம். உடனே வண்டியைத் திருப்பினேன்.

உணவகத்தின் பெயரை எழுத மாட்டேன். யாரும் கேட்கவும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு மரப்பலகையில் சின்னச் சின்னக் கிண்ணங்கள், 890 ரூபாய். ஹும்முஸ் என்ற கொண்டைக்கடலை விழுது என்று வந்ததில் கடலை மாவைக் கரைத்தது போலப் பச்சை வாசம். மேலே ஆடை கட்டியிருந்தது. தொட்டுக்கொள்ளும் ரொட்டிக்குத் தனியாக 180. அதன் ஓரம் அப்பளம் போல நொறுங்கியது. சாலட்டில் வெள்ளையாக நான்கு சதுரம், ஃபேட்டா சீஸ் என்றார்கள். எனக்கு உப்புப் போட்ட பனீர் என்றுதான் பட்டது. கருப்பு வளையங்களாக நறுக்கிய ஆலிவ் கொஞ்சம் கிடந்தது. அம்மா ஒரு வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மென்றார். "இதற்கு ருசியே இல்லையேடா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார், பரிமாறுகிற பையன் காதில் விழக்கூடாது என்று.

வாசலில் ஒரு கரும்பலகை, "இன்றைய கடல் வரவு" என்று. அதைப் பார்த்துத்தான் 1,450 ரூபாய்க்கு சீ பாஸ் கேட்டோம். கொடுவாதானே என்று அப்பா கேட்டதற்கு, இல்லை சார், வெளிநாட்டு மீன் என்றார்கள். அப்படியானால் வாசல் பலகை எதற்கு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வந்தது தோலும் முள்ளும் இல்லாத வெள்ளைத் துண்டு. கரண்டியால் அழுத்தினால் தண்ணீர் விட்டது. மேலே கருப்புக் கோடுகள், ஆனால் கரி வாசம் இல்லை. கணவாய் 780, மெல்லவே முடியவில்லை, அப்பாவுக்குப் பல் வேறு சரியில்லை. கத்தரிக்காய் முசாக்கா 720. எலுமிச்சைச் சாறு ஒன்று 190 வீதம் மூன்று. பக்லவா என்ற இனிப்பு 420. தண்ணீர் பாட்டில் இரண்டு, 240. எல்லாம் கூட்டினால் 5,250. அதன்மேல் சேவைக் கட்டணம் பத்து சதவீதம், பிறகு ஜிஎஸ்டி. மொத்தம் 6,064 ரூபாய்.

பணம் போனது வருத்தம்தான். ஆனால் வண்டியில் ஏறியதும் அம்மா, "நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டேன், உனக்குத் தண்டச் செலவு" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. இந்தக் கரையில் வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? நிஜமான சாப்பாடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உச்சிப்புளியான், மே 27, காலை 7.15

நடந்திருக்கிறது. வேறு விடுதி, இதே கதை. தபூலே என்ற லெபனான் சாலட்டின் பெயரில் மல்லித்தழையை நறுக்கி ரவை உப்புமாவில் கலந்து வைத்தார்கள். 460 ரூபாய். என் மகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. கேட்டதற்கு, இங்கே எல்லோரும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று பதில். எங்களுக்குத்தான் நாக்குத் தெரியாது என்பது போல.

பாம்பன் மீன்காரி, மே 27, பிற்பகல் 2.30

தம்பி, நான் மீன் ஏலம் எடுத்து விற்பவள். பிறந்ததே கடற்கரையில். தட்டை நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்லக்கூடாது, ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் அது உறைபெட்டியில் வந்த பாசா மீன் போலத்தான் இருக்கிறது. தோலில்லாத வெள்ளைச் சதை, முள் இல்லை, அழுத்தினால் நீர் விடும். அது கடல் மீனே இல்லை. மீகாங் ஆற்றுப் பக்கத்துக் கெளுத்தி இனம், இப்போது ஆந்திராவிலும் குளத்தில் வளர்க்கிறார்கள். சாப்பிடக் கெடுதல் இல்லை, மலிவான மீன். ஆனால் அதன் விலை 1,450 இல்லை. ஐரோப்பாக் கடலில் கிடைக்கும் சீ பாஸ் வேறு, நம் கொடுவா வேறு, பாசா வேறு. மூன்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

நீங்கள் போனது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகும் கரைவலையும் தடையில்லாமல் நடக்கும். அந்த நாட்களில் வரவு குறைவு, விலை கூடுதல், ஆனாலும் விளைமீனும் சாளையும் ஊசிக்கணவாயும் உயிர்ப்போடு கரைக்கு வரும். இன்றைய கடல் வரவு என்று பலகை வைக்க விரும்பினால் காலையில் வந்து வாங்கி வைக்கட்டும். எங்களிடம் வாங்காமல், எங்கள் கடலைச் சன்னல் வழியே காட்டிவிட்டுப் பெட்டி மீனைப் போடுகிறார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

கணவாய் விஷயம். சுத்தம் செய்து தண்ணீர் வடித்து, சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு போட்டால் இரண்டு நிமிடம் போதும். வெள்ளையாகச் சுருண்டதும் இறக்கிவிட வேண்டும். அந்த நேரம் தப்பினால் அரை மணிக்கு மேல் சிறு தீயில் வேகவைத்தால்தான் மறுபடி மிருதுவாகும். இடையில் இறக்குவதெல்லாம் செருப்புத் தோல். அது கணவாயின் குற்றம் இல்லை, அடுப்பில் நின்றவர் குற்றம்.

கீழக்கரை காக்கா, மே 27, இரவு 9.05

ஷார்ஜாவில் லெபனான்காரர் ஒருவரின் உணவகத்தில் பதினொரு வருடம் சமையலில் இருந்தேன். முதல் இரண்டு வருடம் கொண்டைக்கடலை தோல் நீக்குவதும் வெங்காயம் நறுக்குவதும்தான் வேலை. அதனால் இதை எழுதுகிற உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன்.

ஹும்முஸ் என்றால் அரபியில் கொண்டைக்கடலை என்றுதான் அர்த்தம். மறைக்கிற மசாலா எதுவும் அதில் கிடையாது, அதனால் செய்பவருடைய கை அப்படியே தெரிந்துவிடும். வெள்ளைக் கொண்டைக்கடலையைச் சிட்டிகை சோடா உப்புப் போட்டு இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தினாலே வெண்ணெய் போல நசுங்குகிற வரைக்கும் வேகவைக்க வேண்டும். நம் சுண்டல் பதம் இதற்கு உதவாது. சுண்டலுக்கு முழுசாக நிற்க வேண்டும், இதற்குக் குலைய வேண்டும். எங்கள் உஸ்தாத் பானையிலிருந்து ஒரு கடலையை எடுத்து நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்ப்பார். பல் தேவைப்பட்டால் இன்னும் வேகட்டும் என்று போய்விடுவார். வெந்ததை ஆறவிட்டு, வெள்ளை எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு, இரண்டு மூன்று ஐஸ் கட்டி சேர்த்து அரைத்தால் நிறம் வெளுத்துப் பஞ்சு போல எழும்பும். ஆலிவ் எண்ணெய் மேலே ஊற்றத்தான். நீங்கள் சொன்ன மாவு வாசம் வேகாத கடலையின் வாசம். மேலே ஆடை கட்டியது, முந்தின நாள் அரைத்து மூடாமல் குளிர்பெட்டியில் வைத்ததால். அதற்கு ஒன்றும் பெரிய செலவு இல்லை, பொறுமைதான் செலவு. அதைக்கூடச் செய்யவில்லை.

கருப்பு ஆலிவ் பற்றி ஆசிரியை அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. டப்பாவில் வருகிற அந்தக் கருப்பு வளையம் மரத்தில் பழுத்துக் கருத்தது இல்லை. பச்சைக் காயைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கசப்பை எடுத்து, காற்றுப் படவைத்துக் கருக்கவைத்து, நிறம் நிற்பதற்கு இரும்புச் சத்துள்ள ஓர் உப்பைச் சேர்ப்பார்கள். கசப்போடு மணமும் போய்விடும். உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்து பக்குவப்பட்ட ஆலிவ் முதலில் கசக்கும், பிறகு எண்ணெய் போல இறங்கும்.

ஃபேட்டாவும் அப்படித்தான். ஐரோப்பாவில் 2002 முதல் அந்தப் பெயர் கிரீஸ் நாட்டுக்கு மட்டும் உரியது. செம்மறிப் பால் குறைந்தது எழுபது சதவீதம், மீதி வெள்ளாட்டுப் பால், உப்புத் தண்ணீரில் ஊற வேண்டும். பனீரைப் போட்டால் பனீர் என்று எழுதட்டும். அதில் என்ன கேவலம்?

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். எங்கள் உணவகத்துக்கு வருகிற லெபனான்காரர்கள் மெனுவைக்கூடப் பார்க்காமல் "சுல்தான் இப்ராஹிம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். சிவப்பான சின்ன மீன், தாடையின் கீழ் இரண்டு மீசை இழை. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊர் நவரையின் இனம் அது! உம்மா மஞ்சள் தடவிப் பொரித்துத் தருகிற அதே மீன் போலவே இருந்தது. அங்கே மாவில் லேசாகப் புரட்டி, முழுசாகப் பொரித்து, எலுமிச்சையும் எள் சாறும் வைத்துக் கொடுப்போம். கிரேக்கர்கள் இதைப் பர்பூனி என்று கொண்டாடுகிறார்கள். அந்தக் கடலின் சாப்பாட்டை நம் கரையில் செய்ய வேண்டுமென்றால் விமானத்தில் மீன் வரவேண்டியதில்லை.

விடுதி ஊழியன், மே 28, காலை 11.20

நான் வேறொரு கடற்கரை விடுதியில் உணவுப் பிரிவில் வேலை செய்கிறேன். எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் எங்கள் நிலைமையையும் எழுதுகிறேன். ஆலிவ் எண்ணெய், எள் விழுது, சீஸ் எல்லாம் மதுரைக்கோ சென்னைக்கோ வந்து அங்கிருந்து இங்கே வரவேண்டும். சமையல்காரர் இந்த வெயிலில் ஆறு மாதம் தங்கினால் அதிகம். கூட்டம் வருவது விடுமுறையில் மட்டும், சம்பளம் பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும். முழு மீனை முள்ளோடு வைத்தால் வெளியூர் விருந்தினர் பாதிப்பேர் திருப்பி அனுப்புகிறார்கள். நானே சீவிய விளைமீனை மேசைக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறேன், ஒரு முள் கிடந்ததற்குப் பெரிய சண்டை. அதனால்தான் முள்ளில்லாத துண்டை நாடுகிறார்கள். விலை வைப்பது தவறு என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள்.

பாம்பன் மீன்காரி, மே 28, பிற்பகல் 1.50

விலையைப் பற்றி நான் ஒரு சொல்லும் தப்பாகச் சொல்லவில்லை ஐயா. கடலோரத்தில் மேசை போட்டு, விளக்குப் போட்டு, நான்கு பேருக்குச் சம்பளம் கொடுப்பவர் கூடுதலாக வாங்கத்தான் வேண்டும். பாசா என்று எழுதி எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், வேண்டியவர் சாப்பிடட்டும். வேறு பெயரை எழுதுவதுதான் களவு. நான் செத்துப்போன சாளையை இன்று காலை பிடித்தது என்று விற்றால் மறுநாள் என் கூடைப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள். எனக்குள்ள நியாயம்தான் அவர்களுக்கும். முள் எடுக்கிற வேலைக்கு எங்கள் பெண்களைக் கூப்பிடுங்கள், விளைமீனை ஒரு முள் இல்லாமல் எடுத்துத் தருவார்கள். யாரும் கேட்டதில்லை.

தொண்டிக்காரன், மே 28, மாலை 6.00

இவ்வளவு பேச்சு எதற்கு? பாம்பனில் வாழையிலை போட்டு மீன் குழம்பும் வறுவலும் கொடுக்கிற கடை எத்தனை இருக்கிறது. நம் கரைக்கு வந்து அந்நிய நாட்டுச் சாப்பாட்டைத் தேடிப் போனால் இப்படித்தான் ஆகும்.

வைகைக்கரை, மே 28, இரவு 8.30

மன்னிக்கவும், இதை ஏற்க மாட்டேன். எங்கள் வீட்டில் மீன் குழம்புக்குக் குறைவில்லை. அம்மா முப்பத்தொரு வருடம் வாயால் சொன்ன ஓர் ஊரின் ருசியை ஒரு தடவை அறிய விரும்பினார். அறுபத்துமூன்று வயதில் புதிதாக ஒன்றை ருசித்துப் பார்க்க ஆசைப்படுவது தப்பா? ஏமாற்றியவரை விட்டுவிட்டு ஆசைப்பட்டவரைக் குறை சொல்வது சரியில்லை.

அழகன்குளம் ஆசிரியர், மே 28, இரவு 9.45

தொண்டி நண்பரே, அந்நியம் என்ற சொல்லுக்காக மட்டும் எழுதுகிறேன். எங்கள் ஊர் வைகை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கம். தமிழகத் தொல்லியல் துறை 1986-87 முதல் பல கட்டமாக அகழாய்வு செய்தது. ரோமானிய நாணயங்களும் ஆம்போரா ஜாடி ஓடுகளும் கிடைத்தன. அந்த ஜாடிகளில்தான் திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் மத்தியதரைக் கடலிலிருந்து கப்பலேறும். கப்பல் படம் கீறிய பானை ஓடும் இங்கே கிடைத்திருக்கிறது. என் மாணவர்களை அந்த மேட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டும்போது, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு நம் கரையில் இறங்கிய சரக்கு இது என்று சொல்வேன். புவியியல் ஆசிரியைக்கு இதையும் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

சட்டம் படித்தவள், மே 29, காலை 8.10

சேவைக் கட்டணம் பற்றி யாரும் எழுதவில்லையே. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. உணவகம் தானாகவே சேவைக் கட்டணத்தைப் பில்லில் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது. விருப்பப்பட்டவர் கொடுக்கலாம், அவ்வளவுதான். இதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்துவிட்டது. உங்கள் கணக்கில் சேவைக் கட்டணம் 525, அதன்மேல் ஐந்து சதவீத ஜிஎஸ்டி 26 ரூபாய் 25 காசு, ஆக 551 ரூபாய் 25 காசு உங்களிடம் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். ஜிஎஸ்டி சட்டப்படியானது, அதைக் கேட்டுப் பயனில்லை.

முதலில் உணவகத்துக்கே எழுதிக் கேளுங்கள், பில்லின் படத்தோடு. தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மீனின் பெயரை மாற்றி விற்றது உண்மையென்றால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக முறைக்குள் வரும். ஆனால் அதற்குச் சான்று வேண்டும். பில்லும் மெனுவின் படமும் இருந்தால் பத்திரமாக வையுங்கள். இனி யாராவது போனால் பணம் கட்டும் முன்பே, சேவைக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். தயக்கமே வேண்டாம்.

விடுதி ஊழியன், மே 29, காலை 9.30

இவர் சொல்வது சரி. எங்கள் விடுதியில் அதை எடுத்துவிட்டோம். மீன் பெயர் விஷயத்தில் அக்கா சொன்னதற்கும் என்னிடம் மறுப்பு இல்லை. எங்கள் சமையல்காரரிடம் நவரையைப் பற்றிப் பேசினேன். முழு மீனாக வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். காக்கா, எந்த நெருப்பில் சுடுவது நல்லது?

கீழக்கரை காக்கா, மே 29, இரவு 10.15

நவரையைப் பொரிப்பதுதான் சிறப்பு, அது சின்ன மீன். சுடுவதற்கு விளைமீனும் சாளையும் எடுங்கள். சாளையை இத்தாலிக்காரரும் கிரேக்கரும் கரியில் சுட்டுத்தான் சாப்பிடுகிறார்கள், வயிற்றில் உப்பும் எலுமிச்சையும் மட்டும். நெருப்புக்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் விறகை அடுக்கி மண்ணால் மூடி எரிக்கிற மூட்டத்துச் சீமைக்கருவேலங்கரி வெளியூருக்கெல்லாம் லாரி லாரியாகப் போகிறது. நம் மாவட்டத்தில் மூட்டம் புகையாத சாலை உண்டா? அப்படியிருக்க, இங்கே வந்து கேஸ் அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்துக் கோடு போடுகிறார்கள். கரி சாம்பல் பூத்த பிறகு மீனை வையுங்கள். சுவாலை படக்கூடாது. தோல் தானாகக் கம்பியை விடுகிற வரைக்கும் திருப்பாதீர்கள்.

வைகைக்கரை தம்பி, என் தங்கை மகன் அடுத்த வாரம் துபாயிலிருந்து வருகிறான். உப்புத் தண்ணீர் ஆலிவ் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியை அம்மாவுக்கு. காசு பேச்சு வேண்டாம்.

வைகைக்கரை, ஜூன் 14, இரவு 9.20

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உணவகத்துக்கு எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதில் ஆணையத்தின் நெறிகளைக் குறிப்பிட்டு எழுதியதும், ஐந்தாம் நாள் 551 ரூபாய் கணக்கில் வந்தது. மீனைப் பற்றிக் கேட்டதற்கு, எங்களுக்குச் சரக்கு தருபவர் சொன்ன பெயரைத்தான் போட்டோம் என்றார்கள். மெனுவை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றினால் இங்கே எழுதுகிறேன்.

காக்கா கொடுத்த பாட்டிலை நேற்று கீழக்கரையில் போய் வாங்கி வந்தேன். அன்றே கொண்டைக்கடலை ஊறப்போட்டு, அவர் சொன்னபடியே செய்தேன். வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்து அம்மாவே அரைத்தார். நாக்கால் நசுக்கிப் பார்க்கும் சோதனையையும் அவர்தான் செய்தார், மூன்று தடவை "இன்னும் வேகட்டும்" என்று அடுப்பைக் கூட்டினார். தட்டில் வழித்து நடுவில் குழி பண்ணி எண்ணெய் ஊற்றியபோது அது நிஜமாகவே பஞ்சு போல இருந்தது. அப்பா சப்பாத்தியால் வழித்துத் தட்டைத் துடைத்துவிட்டார்.

பிறகு ஆலிவ். ஊதா கலந்த பழுப்பு, தோல் லேசாகச் சுருங்கியிருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு மென்றார். முகம் சுளித்தது, நான் பயந்துவிட்டேன். அப்புறம் கொட்டையை உதட்டருகே நிறுத்தி, சதை ஒட்டாமல் சுத்தமாகச் சப்பினார். "படத்தில் திராட்சை போல இருக்கும், அதனால் இனிக்கும் என்றே நினைத்திருந்தேன். கசக்கிறது. நன்றாக இருக்கிறது" என்றார். கொட்டையைத் தூக்கிப் போடவில்லை, கழுவிச் சன்னல் ஓரத்தில் காயவைத்திருக்கிறார். அழகன்குளம் ஆசிரியரின் பதிவை வாசித்துக் காட்டினேன். அந்த மேட்டைப் பார்க்க வேண்டுமாம்.

பாம்பன் மீன்காரி, ஜூன் 16, காலை 10.05

தடை முடிந்து போன விசைப்படகெல்லாம் இன்று விடியற்காலையில் கரை சேர்ந்துவிட்டன. நவரை வந்திருக்கிறது, நல்ல சிவப்பு, செவுள் ரத்தம் போல இருக்கிறது. அழகன்குளத்துக்கு அம்மாவை அழைத்து வருகிற நாளை முன்கூட்டியே சொல்லுங்கள், இரண்டு கிலோ எடுத்து வைக்கிறேன். காலை ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும். ஐஸ் பெட்டி கொண்டுவர மறக்காதீர்கள்.